பொறியியல் பயிலும் நம் பிள்ளைகள்: தனித்துப் படிப்பதா, சேர்ந்து படிப்பதா?

ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும் நம் இல்லங்களில் ஒரு பரபரப்புத் தொற்றிக்கொள்கிறது. கட் ஆஃப் மதிப்பெண் எவ்வளவு, கலந்தாய்வில் எந்தக் கல்லூரி கிடைக்கும், கணினி அறிவியலா மின்னணுவியலா இயந்திரவியலா, முஸ்லிம்களுக்கான 3.5 விழுக்காடு இட ஒதுக்கீட்டில் வாய்ப்பு உண்டா என்றெல்லாம் தெரிந்தவர் அனைவரிடமும் விசாரிக்கிறோம். இடம் கிடைத்துவிட்டால் கட்டணத்துக்கு வழி தேடுகிறோம். மடிக்கணினி வாங்குகிறோம். வீட்டுக்கு இணைய இணைப்புப் போடுகிறோம். கடல் கடந்து உழைக்கும் தந்தையரின் பல ஆண்டுச் சேமிப்பு இதில் கரைகிறது. கல்விக்காகச் செலவிடத் தயங்காத இந்த மனம் நம் சமுதாயம் பெற்ற நற்பேறு.

ஆனால் பிள்ளை கல்லூரிக்குள் நுழைந்த பிறகு நாம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டே. "ஒழுங்காகப் படிக்கிறாயா?" என்பது ஒன்று. "எத்தனை மதிப்பெண்?" என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே கேட்கப்பட வேண்டிய மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. "யாரோடு சேர்ந்து படிக்கிறாய்?" என்பதே அது. பிள்ளையின் நான்காண்டுப் படிப்பு எப்படி முடியும் என்பதில் இந்தக் கேள்விக்குப் பெரும் பங்கு உண்டு என்பது நம் கருத்து. அதற்கான காரணங்களை இங்கே எடுத்து வைக்கிறோம்.

முதலாண்டின் மௌனம்

பொறியியல் முதலாண்டில் ஒரு மாணவர் எதிர்கொள்வது என்ன? அணிகளும் நுண்கணிதமும், பொறியியல் இயற்பியல், வேதியியல், பைத்தான் நிரலாக்கம், பொறியியல் வரைகலை. வரைகலைப் பாடத்தில் ஒரு பொருள் முன்னிருந்தும் மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பார்த்தால் எப்படித் தெரியும் என்பதை மனக்கண்ணால் கண்டு தாளில் வரைய வேண்டும். நிரலாக்கத்தில் ஓர் எழுத்து இடம் மாறினாலும் நிரல் ஓடாது. பள்ளியில் விடைகளை மனப்பாடம் செய்து உயர்ந்த மதிப்பெண் பெற்ற மாணவருக்கு இவை முற்றிலும் புதிய உலகம். தமிழ்வழியில் படித்து வந்தவருக்கோ மொழியும் ஒரு மலை.

வகுப்பில் அறுபது பேர் அமர்ந்திருப்பர். பாடம் வேகமாக நகரும். கையுயர்த்திக் கேட்டால் மற்றவர்கள் சிரிப்பார்களோ என்ற கூச்சம். வீட்டுக்கு வந்தால் கேட்பதற்கு ஆள் இல்லை, ஏனெனில் பல குடும்பங்களில் இவரே முதல் பட்டதாரி. தந்தை வளைகுடாவில் இருப்பார். பிள்ளை புத்தகத்தின் முன் அமர்ந்திருப்பது உம்மாவுக்குத் தெரியும். எந்த வரியில் நின்றுபோனான் என்பது தெரியாது.

முதல் பருவத் தேர்வில் ஒரு பாடம் அரியராகிறது. அடுத்த பருவத்தில் வரும் மின்சுற்றுப் பாடத்துக்கு முந்தைய பருவத்துக் கணிதம் தேவை. அது இல்லாததால் இதுவும் தவறுகிறது. பொறியியல் பாடத்திட்டம் சுவர் எழுப்புவது போன்றது. அடிவரிசையில் கல் விட்டுப்போனால் மேல்வரிசை நிற்காது. வளாக நேர்காணலுக்கு வரும் நிறுவனங்கள் பலவும் அரியர் உள்ளவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. பிள்ளையோ இவற்றையெல்லாம் வீட்டில் சொல்லாமல் மறைக்கிறான். கடன் வாங்கிக் கட்டிய கட்டணம் அவன் நெஞ்சில் கனக்கிறது.

இப்படி நேரும்போது நாம் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் மூன்று: முயற்சி போதாது, அடிப்படை சரியில்லை, கைப்பேசி கெடுத்துவிட்டது. இவற்றில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் இதே வகைக் காரணங்களைச் சொன்ன ஒரு பெரிய பல்கலைக்கழகம், உண்மை வேறிடத்தில் இருந்ததை அறிந்துகொண்ட வரலாறு ஒன்று உண்டு.

பெர்க்லியில் தெரியவந்த உண்மை

1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகம், பெர்க்லி வளாகத்தில், கறுப்பின மாணவர்கள் முதலாண்டு நுண்கணிதப் பாடத்தில் பெருமளவில் தோல்வியடைந்து வந்தனர். அந்தப் பாடத்தைத் தாண்டாமல் பொறியியலோ அறிவியலோ படிக்க இயலாது. காரணம் என்ன என்று பேராசிரியர்களிடம் கேட்கப்பட்டபோது, ஊக்கம் குறைவு, பள்ளிப் பயிற்சி போதாது, குடும்பத்தின் ஆதரவில்லை, வறுமை என்று பல விடைகள் வந்தன.

யூரி டிரைஸ்மன் என்ற கணித ஆசிரியர் இவற்றை அப்படியே ஏற்கவில்லை. கறுப்பின மாணவர் 20 பேரையும், அதே பாடத்தில் சிறந்து விளங்கிய சீன வம்சாவளி மாணவர் 20 பேரையும் தேர்ந்து, அவர்கள் எவ்வாறு படிக்கிறார்கள் என்பதை உடனிருந்து கவனித்தார். கறுப்பின மாணவர்கள் சோம்பேறிகளாக இல்லை. சொன்ன வீட்டுப்பாடத்தைச் செய்தனர், சொன்ன நேரம் படித்தனர். அவர்கள் குடும்பங்கள் கல்வியில் மிகுந்த அக்கறை கொண்டிருந்தன. ஆயினும் அந்த 20 பேரில் 18 பேர் வகுப்புத் தோழருடன் ஒருநாளும் சேர்ந்து படிக்கவில்லை. நட்பு ஒருபுறம், படிப்பு மறுபுறம் என்று வாழ்ந்தனர். கணக்கில் தவறினால், அந்தத் தவறு தம்முடையது மட்டுமே என்று எண்ணிக்கொண்டனர்.

சீன வம்சாவளி மாணவர்களும் முதலில் தனியே அமர்ந்தே கணக்குகளைப் போட்டனர். ஆனால் அதன்பின் ஒன்றுகூடினர். ஒருவர் விடையை மற்றவர் சரிபார்த்தார். எல்லோரையும் திணறடித்த கணக்கு எது என்பது அங்கே தெரிந்துவிடும். ஆகவே ஒரு கணக்கு வரவில்லையென்றால் அது தன் குறையா, கணக்கின் கடினமா என்று பிரித்தறிய அவர்களால் இயன்றது. தேர்வில் என்ன எதிர்பார்க்கப்படுகிறது என்ற செய்தியும் அந்த வட்டத்தில் பரவியது.

இதைக் கண்ட டிரைஸ்மன் ஒரு பயிற்சிப் பட்டறையைத் தொடங்கினார். பின்தங்கியவர்களுக்கான தனி வகுப்பாக அதை அவர் அமைக்கவில்லை. வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, சிறு குழுக்களாக அமர்ந்து விவாதித்துத் தீர்க்கச் செய்தார். பங்கேற்ற மாணவர்களின் தேர்ச்சி தெளிவாக உயர்ந்தது. பின்னர் அமெரிக்காவின் வேறு பல பல்கலைக்கழகங்களும் இம்முறையைப் பின்பற்றின.

நம் பிள்ளைகளின் சூழல் வேறு, அவர்கள் வரலாறு வேறு. ஆனால் ஒன்று பொருந்துகிறது. அக்கறையுள்ள குடும்பம், உழைக்கும் பிள்ளை, ஆனாலும் தோல்வி. அந்த மூன்றுக்கும் நடுவே மறைந்திருந்த காரணம் தனிமை.

கேட்டது எல்லாம் புரிந்ததாகுமா?

இன்னொரு சான்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறது. இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் அங்கே தெளிவாகப் பாடம் நடத்துபவர் என்று பெயர் பெற்றவர். நியூட்டனின் விதிகளைக் குறித்து அன்றாட மொழியில் எளிய வினாக்களைக் கேட்கும் ஒரு தேர்வை அவர் தம் மாணவர்களுக்கு வைத்தார். ஒரு கனரக லாரியும் ஒரு சிறு காரும் மோதுகின்றன, எது எதன்மீது அதிக விசை செலுத்துகிறது என்பதைப் போன்ற வினாக்கள் அவை. இரண்டும் சமம் என்பது நியூட்டனின் மூன்றாம் விதி. அந்த விதியைச் சொல்லச் சொன்னால் எல்லோரும் ஒப்பிப்பார்கள். ஆனால் லாரியையும் காரையும் எதிரெதிரே நிறுத்தியதும் பலர் தடுமாறினர். நீங்கள் கற்பித்தபடி விடையெழுதுவதா, நான் உண்மையில் நினைக்கிறபடி எழுதுவதா என்று ஒரு மாணவி அவரிடமே கேட்டாராம்.

அதன்பின் மசூர் 1991 முதல் தம் வகுப்பை மாற்றினார். சிறிது நேரம் விளக்குவார். பிறகு ஒரு வினாவை முன்வைப்பார். மாணவர்கள் முதலில் யாரோடும் பேசாமல் தத்தம் விடையைத் தெரிவிக்க வேண்டும். விடைகள் சிதறிக் கிடந்தால், பக்கத்தில் இருப்பவரிடம் உன் விடை ஏன் சரி என்று விளக்கு என்பார். சில நிமிட விவாதத்துக்குப் பின் மறுபடியும் விடை சொல்வார்கள். சரியான விடையை நோக்கி நகர்ந்தவர்களின் எண்ணிக்கை பெரிதும் கூடியிருக்கும்.

ஏன் இப்படி? நேற்றுதான் ஒன்றைப் புரிந்துகொண்ட மாணவருக்கு, அதில் எங்கே இடறும் என்பது நினைவில் இருக்கும். முப்பது ஆண்டுகளாக அதையே கற்பித்து வரும் பேராசிரியருக்கு அந்த இடறல் மறந்திருக்கும்.

நன்றாகப் படிக்கும் மாணவரின் விடையை மற்றவர் ஏற்றுக்கொள்வதுதான் இதில் நடக்கிறதோ என்ற ஐயம் எழலாம். கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2009-இல் முடிவை வெளியிட்டனர். குழுவில் ஒருவருக்கும் முதலில் சரியான விடை தெரியாதபோதும்கூட, விவாதித்த பின் அவர்களின் புரிதல் வளர்ந்திருந்தது. பேசுவதே சிந்தனையைச் செப்பனிடுகிறது என்பது இதன் பொருள்.

நம் நாட்டிலும் சான்று உண்டு. மும்பை ஐ.ஐ.டி.யில் நூற்றுக்கணக்கான மாணவர்கள் அமர்ந்த முதலாண்டு நிரலாக்க வகுப்பில், முதலில் தனியே சிந்தித்து, பிறகு இருவராகப் பேசி, அதன்பின் வகுப்போடு பகிரும் முறை கையாளப்பட்டது. 2013-இல் வெளியான அந்த ஆய்வு, சராசரியாக 83 விழுக்காட்டு மாணவர்கள் பாடத்தில் ஈடுபட்டிருந்ததாகக் கூறுகிறது. அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளைப் பற்றிய 225 ஆய்வுகளைத் திரட்டி 2014-இல் அமெரிக்காவில் வெளியான மற்றொரு கட்டுரை, விரிவுரையை மட்டும் கேட்ட வகுப்புகளில் சராசரியாக 33.8 விழுக்காட்டினர் தோல்வியுற்றனர் என்றும், மாணவர்கள் பங்கேற்கும் வகுப்புகளில் அது 21.8 விழுக்காடு என்றும் காட்டியது. நூறு பேரில் பன்னிருவர் என்பது சிறிய வேறுபாடன்று. அந்தப் பன்னிருவரில் நம் பிள்ளையும் ஒருவராக இருக்கலாம்.

கருவிகள் செய்வதும் செய்யாததும்

"அதற்குத்தான் இணையம் இருக்கிறதே, எல்லாப் பாடமும் காணொளியாகக் கிடைக்கிறதே" என்று சிலர் கேட்பர். உண்மைதான். ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003-இல் தொடங்கிய என்பிடெல் திட்டத்தில் ஆயிரக்கணக்கான மணிநேரப் பொறியியல் விரிவுரைகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் பைத்தான் முதலிய மென்பொருள் பாடங்களைத் தமிழிலும் தருகிறது. சமன்பாட்டை எழுதியவுடன் அதன் வரைபடத்தைக் காட்டும் ஜியோஜீப்ரா போன்ற கருவிகள் கைப்பேசியிலேயே இயங்குகின்றன. கீழக்கரையில் இருக்கும் மாணவருக்கும் மேல்விஷாரத்தில் இருக்கும் மாணவிக்கும், சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் ஒரு தொடுதலில் வந்து பாடம் சொல்கிறார். முந்தைய தலைமுறைக்குக் கிட்டாத வாய்ப்பு இது.

ஆனால் வாய்ப்பு இருப்பதும் கற்றல் நடப்பதும் ஒன்றல்ல. 2012-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தன் மின்சுற்றும் மின்னணுவியலும் பாடத்தை இணையத்தில் உலகுக்கே திறந்துவிட்டது. ஏறத்தாழ 1,55,000 பேர் பதிவு செய்தனர். முடித்துச் சான்றிதழ் பெற்றவர்கள் 7,157 பேர் மட்டுமே. பாடம் சிறந்தது, ஆசிரியர் சிறந்தவர், கட்டணமும் இல்லை. ஆயினும் நூற்றில் ஐவர்கூடக் கரை சேரவில்லை. பதிவு செய்தோர் எல்லோரும் முடிக்கும் எண்ணத்தோடு வந்தவர்கள் அல்லர் என்பதும் உண்மையே. ஆனால் அந்தப் பாடத்தை ஆராய்ந்தவர்கள் கண்ட இன்னொரு செய்தி நம் கவனத்துக்கு உரியது. இணையத்துக்கு வெளியே, உடன் படிப்பவரோடோ துறை அறிந்தவரோடோ சேர்ந்து உழைத்தவர்கள், மற்ற அனைத்தும் சமமாக இருக்கும் நிலையில், தனித்து உழைத்தவர்களைவிட ஏறத்தாழ மூன்று மதிப்பெண் கூடுதலாகப் பெறுவர் என்று அவர்கள் கணக்கிட்டனர். அவ்வளவு பெரிய மின்வழி வகுப்பிலும் பக்கத்தில் ஒரு துணை இருப்பது பயன் தந்தது.

மசூரின் முறையைப் பின்பற்றிய பல வகுப்புகளில் மாணவர் விடையைத் தெரிவிக்க மின்னணுப் பொத்தான் கருவிகள் பயன்பட்டன. கனடாவின் கியூபெக் மாநிலக் கல்லூரி ஒன்றில், ஒரு பிரிவினருக்கு அந்தக் கருவியும் மற்றொரு பிரிவினருக்கு வெறும் அட்டைகளும் கொடுத்து ஒப்பிட்டார்கள். கற்றலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை என்று 2008-இல் அந்த ஆய்வு தெரிவித்தது. பயன் விளைந்தது விவாதத்தால், கருவியால் அன்று. இதை நம் பெற்றோர்கள் மனத்தில் இருத்த வேண்டுகிறோம். விலையுயர்ந்த மடிக்கணினி வாங்கித் தர இயலவில்லையே என்று வருந்தும் தாய்மார்களுக்கு இது ஆறுதல். வாங்கித் தந்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்று இருப்பவர்களுக்கு இது எச்சரிக்கை.

இப்போது சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. நள்ளிரவிலும் சலிக்காமல், தமிழிலும் விளக்கம் தருகின்றன. கேட்க ஆளில்லாத பிள்ளைக்கு இது பேருதவி என்பதை மறுக்க மாட்டோம். ஆனால் கணக்கோடு மல்லுக்கட்ட வேண்டிய அந்த அரைமணி நேரத்தை இக்கருவி பறித்துக்கொள்ளும் அபாயமும் உண்டு. கற்றல் நிகழ்வதே அந்த அரைமணியில்தான். மேலும், அது தவறான விடையையும் உறுதியான குரலில் சொல்லும். "புரிந்ததா, எங்கே எனக்குச் சொல்லிக்காட்டு" என்று அது தானாகக் கேட்பதில்லை. பக்கத்தில் இருக்கும் தோழன் கேட்பான்.

நமக்கு இது புதிதன்று

சேர்ந்து படித்தல் மேலைநாட்டிலிருந்து இறக்குமதியான புதுமை என்று எவரும் எண்ண வேண்டாம். 1789-இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அனாதைச் சிறுவர் இல்லத்துக்கு ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் பொறுப்பேற்றார். இங்கிருந்த நாட்டுப் பள்ளி ஒன்றில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதை அவர் கண்டார். தம் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். ஆசிரியர்கள் ஒத்துழைக்காதபோது, மூத்த சிறுவர்களைக் கொண்டே இளையோருக்குக் கற்பித்தார். நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்துவந்த வேலைதான் அது. 1797-இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலுக்குப் பின் இம்முறை 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே இங்கிலாந்தில் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் மெட்ராஸ் கல்லூரி என்ற பெயரில் ஒரு பள்ளி இன்றும் நடக்கிறது.

நம் மதரஸாக்களிலோ இது இன்னும் பழையது. இடைக்கால மதரஸாக்களில் 'முயீத்' என்ற பொறுப்பு இருந்தது. உஸ்தாத் நடத்திய பாடத்தை மாணவர்களுக்குத் திரும்ப விளக்கிச் சொல்வது அவர் பணி. இந்தியத் துணைக்கண்டத்து மதரஸாக்களில் ஓதியவர்கள் 'தக்ரார்' என்ற சொல்லை நன்கு அறிவர். பாடம் முடிந்த பின் மாணவர்கள் வட்டமாக அமர, அவர்களில் ஒருவர் அன்றைய பாடத்தைச் சொல்ல, மற்றவர்கள் இடைமறித்துக் கேட்டுத் தெளிவர். ஹஜ்ரத்மார்களிடம் கேட்டுப்பாருங்கள். ஆலிம் பட்டம் பெற்றதில் உஸ்தாதின் வகுப்புக்கு எவ்வளவு பங்கோ, தக்ராருக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்று சொல்லக்கூடியவர்கள் பலர். மதரஸாவில் நாம் பேணிய வழக்கத்தைப் பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஏன் மறுக்க வேண்டும்?

ஆயினும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பெல்லின் முறை பல இடங்களில் வெறும் ஒப்புவித்தலாகச் சுருங்கிப் பின்னாளில் வழக்கொழிந்தது. மூத்தவன் சொல்ல இளையவன் திருப்பிச் சொன்னால் அங்கே புரிதல் வளராது. கேள்வி கேட்கும் உரிமை இருவருக்கும் இருக்கும் வட்டமே பயன் தரும்.

பெற்றோரின் ஐயங்கள்

"நாலு பேர் கூடினால் அரட்டைதான் நடக்கும்" என்பது முதல் ஐயம். பெரியவர் ஒருவர் பார்வையில் இருக்கும் இடம், குறித்த நேரம், முன்கூட்டியே முடிவு செய்த கணக்குகள், இவை மூன்றும் இருந்தால் அரட்டைக்கு இடம் குறையும். இவை இல்லாதபோது ஐயம் நியாயமே.

"ஒருவன் போட்டதை மற்றவன் பார்த்து எழுதுவான்" என்பது அடுத்தது. இதற்கான விடை மேற்சொன்ன எல்லாச் சான்றுகளிலும் இருக்கிறது. பெர்க்லியின் சீன வம்சாவளி மாணவர்கள் முதலில் தனியே கணக்குப் போட்டனர். மசூரின் மாணவர்கள் முதலில் தனியே விடை சொன்னார்கள். மும்பை மாணவர்கள் முதலில் தனியே சிந்தித்தார்கள். முதலில் தனியே, பிறகு சேர்ந்து என்பதே விதி. வெறுந்தாளோடு வட்டத்துக்கு வருபவர் அன்று அமர வேண்டாம் என்று பிள்ளைகளே முடிவு செய்துகொள்ளலாம்.

"என் பிள்ளை நன்றாகப் படிப்பவன், மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து அவன் நேரம் வீணாக வேண்டுமா?" என்று கேட்பவர்களும் உண்டு. ஒன்றைப் பிறருக்கு விளக்க வேண்டுமென்றால் அதை முதலில் நம் மனத்தில் ஒழுங்குபடுத்த வேண்டும். அப்போதுதான் நமக்கே தெரியாமலிருந்த ஓட்டைகள் வெளிப்படுகின்றன. பொறியாளராகி வேலைக்குச் சென்ற பின்னும் அவர் தனித்து உழைக்கப் போவதில்லை. பாலம் கட்டினாலும் மென்பொருள் எழுதினாலும் குழுவாகவே செய்ய வேண்டும். தன் கருத்தைத் தெளிவாக எடுத்துச் சொல்லும் திறனை நேர்காணலில் தேடுகிறார்கள். அதைப் பயில இதைவிட நல்ல இடம் இல்லை.

நான்காவது ஐயம் பிள்ளைகளிடமிருந்தே வரும். "சேர்ந்து படித்தால் ஒன்றும் ஏறாததுபோல் இருக்கிறது, நல்ல காணொளியைப் பார்த்தால் எல்லாம் தெளிவாகிறது" என்பார்கள். ஹார்வர்டில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வு இதை அப்படியே பதிவு செய்திருக்கிறது. விவாதித்துப் படித்த மாணவர்கள், மெருகான விரிவுரையைக் கேட்டவர்களைவிடக் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். தேர்வு வைத்தபோது கூடுதலாகக் கற்றிருந்தவர்கள் அவர்களே. சுகமான பயணம் ஊர் சேர்க்காமலும் போகலாம் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது நல்லது.

பெண் பிள்ளைகளின் நிலை

இதில் நாம் தனியே பேச வேண்டியது நம் பெண் பிள்ளைகளைப் பற்றி. விடுதியில் தங்கும் மாணவர்கள் இரவு உணவுக்குப் பின் ஓர் அறையில் கூடிப் படித்துவிடுகிறார்கள். வெளியூரிலிருந்து கல்லூரிப் பேருந்தில் வந்து செல்லும் மாணவிக்கு அந்த வாய்ப்பு இல்லை. மாலையில் பேருந்து கிளம்பியதோடு அவளுடைய கல்லூரி முடிந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்ததும் வேலைகள் காத்திருக்கின்றன. ஆக, நம் மாணவிகளில் பலர் திறமை இருந்தும் தனித்துப் படிக்கும் நிலைக்குத் தள்ளப்படுகிறார்கள்.

மின்வழிக் கருவிகள் உண்மையிலேயே கைகொடுக்கக்கூடிய இடம் இதுதான். நான்கு மாணவிகள் இரவு எட்டு முதல் ஒன்பது வரை கூகுள் மீட்டில் கூடலாம். முகம் காட்ட வேண்டிய தேவையில்லை. குரலும், அனைவரும் சேர்ந்து எழுதும் மின்பலகையும் போதும். விடுமுறை நாளில் ஒரு வீட்டில் கூடலாம். இதற்கு வீட்டார் தர வேண்டியவை இரண்டு: இடையூறில்லாத ஒரு மணி நேரம், "போனில் என்ன பேச்சு?" என்று அதட்டாத நம்பிக்கை. மகனின் படிப்புக்குக் கொடுக்கும் அந்த ஒரு மணி நேரத்தை மகளுக்கும் கொடுப்பது சலுகையன்று. அவள் கட்டணத்தைக் கட்டியபோதே நாம் ஏற்றுக்கொண்ட பொறுப்பு அது.

மஹல்லாவில் செய்யத்தக்கவை

கல்லூரிகள் தம் வகுப்புமுறையை மாற்றும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ஜமாஅத்தும் பெரிய செலவின்றிச் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவதாக, மஹல்லாவில் பொறியியல் படிக்கும் மாணவ மாணவியர் எத்தனை பேர், எந்தத் துறை, எந்த ஆண்டு என்ற பட்டியல் தயாரிக்கலாம். ஒரே தெருவில் இருவர் ஒரே பாடத்தில் திணறிக்கொண்டிருந்தும் ஒருவரையொருவர் அறியாதிருக்கும் நிலை இதனால் நீங்கும்.

இரண்டாவதாக, மதரஸா அறையோ நூலகமோ மாலை வேளையில் வெறுமையாகத்தான் இருக்கிறது. கரும்பலகை, மின்விளக்கு, இணைய இணைப்பு இருந்தால் போதும். இஷாவுக்குப் பின் ஒன்றரை மணி நேரம், வாரத்தில் மூன்று நாள் என்று வகுத்துக்கொள்ளலாம். பெண்களுக்குத் தனி இடமும் வசதியான நேரமும் அமைய வேண்டும்.

மூன்றாவதாக, வட்டம் சிறியதாக இருக்கட்டும். நான்கு அல்லது ஐந்து பேர். ஒவ்வொரு வட்டத்துக்கும் மூன்றாமாண்டு படிக்கும் ஒருவர் துணையாக இருக்கட்டும். அவர் விரிவுரையாற்ற வேண்டாம். வினாவை முன்வைத்து, விவாதம் வழிதவறும்போது மட்டும் திருப்பிவிட்டால் போதும். காணொளியைப் பத்து நிமிடம் பார்த்து நிறுத்திவிட்டு, பார்த்ததை ஒருவருக்கொருவர் கரும்பலகையில் விளக்கலாம். செயற்கை நுண்ணறிவைக் கேட்பதானால், தம் விடையைத் தாளில் எழுதிய பின்னரே கேட்பது என்றும், அது தந்த விடையில் பிழை இருக்கிறதா என்று எல்லோரும் சேர்ந்து தேடுவது என்றும் வைத்துக்கொள்ளலாம்.

நான்காவதாக, இதைப் 'பின்தங்கியவர்களுக்கான வகுப்பு' என்று ஒருபோதும் பெயரிடக் கூடாது. அப்படிப் பெயரிட்டால் உதவி தேவைப்படுபவர்களே வரக் கூச்சப்படுவர். டிரைஸ்மன் செய்ததுபோல் கடினமான கணக்குகளை முன்வைத்து, முதல் மதிப்பெண் பெறுபவர்களையும் அழைக்க வேண்டும்.

ஐந்தாவதாக, துபாயிலும் ரியாத்திலும் சிங்கப்பூரிலும் பொறியாளர்களாகப் பணிபுரியும் நம் ஊர்ச் சகோதரர்கள் மாதம் ஒருமுறை காணொளி வழியே அரைமணி நேரம் வந்து, தாம் படித்த கணிதம் எந்த வேலையில் பயன்பட்டது என்று சொல்லலாம். கட்டணத்துக்கு உதவும் அவர்கள் இந்த அரைமணியையும் மகிழ்ந்து தருவர்.

கல்வி உதவித்தொகை வழங்கும் விழாக்களை நம் ஊர்கள் தோறும் சிறப்பாக நடத்துகிறோம். பிள்ளையைக் கல்லூரி வாசல் வரை அழைத்துச் செல்ல அந்தப் பணம் தேவை. ஆனால் வாசலைத் தாண்டி நான்கு ஆண்டுகள் அவனை நடத்திச் செல்வதற்குத் தோழர்கள் தேவை. அதற்கு ஓர் அறையும், சில பிள்ளைகளும், மஹல்லாவின் அக்கறையும் போதும். இந்த ஆண்டு முதல் பருவம் தொடங்குவதற்கு முன், நம் பள்ளிவாசலின் நிர்வாகிகளிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவோம். பேசியதைத் தொடங்கியும் வைப்போம், இன்ஷா அல்லாஹ்.